சிறைக்குள் செவிமடுத்தல்: சக சிறைவாசியின் துணையும் அதன் எல்லையும்

சிறையில் மனம் உடையும் ஆபத்து தண்டனைக் காலம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அடைக்கப்பட்ட முதல் சில நாட்கள், ஜாமீன் மனு தள்ளுபடியான மாலை, தீர்ப்பு வந்த இரவு, வீட்டிலிருந்து நேரில் பார்க்க யாரும் வராமல் நின்றுபோன வாரங்கள் ஆகியவை கடுமையானவை. இவற்றில் பல வேளைகளில் மருத்துவரோ ஆலோசகரோ சிறையில் இருப்பதில்லை. மாலைக் கணக்கெடுப்பு முடிந்து பூட்டு விழுந்தபின் ஒரு கைதியின் முகத்தை அருகிலிருந்து பார்ப்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் சக கைதி மட்டுமே. சக சிறைவாசி ஆதரவு என்னும் முறைக்கு இந்த நெருக்கமே அடிப்படை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். இது கொள்ளளவில் 131.4 விழுக்காடு. அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவருக்கு மேல், குற்றம் நிறுவப்படாத விசாரணைக் கைதிகள். அந்த ஆண்டில் பதிவான 159 இயற்கைக்கு மாறான மரணங்களில் 119 தற்கொலைகள். வெளியே போகும் நாள் தெரியாமல் காத்திருப்பவர்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில், மனநலத்தை மருத்துவமனைப் பிரிவின் பொறுப்பாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

சக சிறைவாசியின் துணையை முறைப்படுத்திய முன்னோடித் திட்டம் பிரிட்டனில் உருவானது. 1990-இல் வேல்ஸிலுள்ள ஸ்வான்சி சிறையில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அடுத்த ஆண்டு, 1953 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுவரும் சமாரிட்டன்ஸ் அமைப்பு, அதே சிறையில் கைதிகளுக்குப் பயிற்சி அளித்து ‘செவிமடுப்போர்’ திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பரவியது.

திட்டத்தின் நடைமுறை எளிமையானது. மனம் கலங்கிய கைதி, வார்டரிடம் செவிமடுப்பவர் வேண்டும் என்று கேட்கிறார். காரணம் சொல்லத் தேவையில்லை. வார்டர் ஒருவரை அழைத்துவந்து விட்டுவிட்டு விலகிக்கொள்கிறார். இருவரும் தனியே உட்காருகின்றனர். வந்தவர் வழக்கைப் பற்றித் துருவுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, வக்கீலைப் பார்த்துத் தருவதாகவோ ஜாமீன் கிடைக்கும் என்றோ வாக்குக் கொடுப்பதில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதை மட்டும் சுற்றிவளைக்காமல் கேட்கிறார். கேட்டதை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அதிகாரிகளிடம் கொண்டுபோவதில்லை. சமாரிட்டன்ஸ் தொண்டர்கள் வெளியிலிருந்து வந்து, பிறர் துயரைக் கேட்டுக் கேட்டுக் கனத்துப்போன செவிமடுப்போருக்கும் செவிகொடுக்கின்றனர்.

இந்த முறையின் வலிமை, செவிமடுப்பவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதில் இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் கோப்பில் ஏறும், அதிகாரியிடம் சொன்னால் தனி செல்லுக்கு மாற்றுவார்கள் என்ற அச்சம் கைதியின் வாயைக் கட்டுகிறது. கேட்பவரும் அதே சோற்றைத் தின்று அதே பூட்டுக்குள் உறங்குகிறவர் என்னும்போது அந்தக் கட்டு தளர்கிறது.

இந்தியாவில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2023-இல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு, சிறைத் தற்கொலைகளைத் தடுக்கப் பயிற்சி பெற்ற கைதிகளின் துணையைப் பரிந்துரைத்தது. அதில் இரண்டு பணிகள் இடம்பெறுகின்றன. ஒன்று, ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காணும் ‘வாயிற்காப்போர்’ பணி. மற்றொன்று, துணையாக இருந்து கேட்கும் ‘தோழர்’ பணி. முன்னதன் பயன் தகவல் உரியவரைச் சேர்வதில் இருக்கிறது. பின்னதன் பயன் சொன்னது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையிலேயே நிற்பதில் இருக்கிறது. இரண்டும் தேவைதான். ஆனால் ஒரே ஆளிடம் இரண்டையும் ஒப்படைத்தால், அவர் தகவல் சொல்பவர் என்ற பெயரே நிலைக்கும். அதன்பின் அவரிடம் மனம் திறப்பவர் எவரும் இருக்கமாட்டார்.

இந்திய மண்ணில் இந்த எச்சரிக்கைக்குத் தனிக் காரணம் உண்டு. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிறை அலுவலர்களாக அமர்த்தப்பட்ட கைதிகளைப் பொது ஊழியர்களாகக் கருதியது. கைதியைக் கொண்டு கைதியை மேய்க்கும் அந்தப் பழக்கம் நூற்றாண்டுக்கு மேல் ஊறியது. 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 40-ஆவது விதி, ஒழுங்கு நடவடிக்கை சார்ந்த எந்தப் பொறுப்பிலும் கைதியை அமர்த்தக் கூடாது என்கிறது. ‘தோழர்’ என்ற புதுப் பெயரில், சக கைதிகளை மேய்த்த பழைய மேஸ்திரியே திரும்பி வந்தால் திட்டம் முளையிலேயே கருகும்.

ஆகவே சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. தோழர்களைத் தேர்வதில் நன்னடத்தைச் சான்று மட்டும் அளவுகோலாக இருத்தலாகாது; சக கைதிகளின் நம்பிக்கையும் கணக்கில் வர வேண்டும். பயிற்சியும் மேற்பார்வையும் சிறைத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் இருக்க வேண்டும்; சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு மையங்களுக்கு இத்தகைய செவிமடுத்தலில் நெடிய அனுபவம் உண்டு. ரகசியத்தின் எல்லை எது என்பதை உரையாடல் தொடங்கும் முன்பே கைதிக்குச் சொல்லிவிட வேண்டும்.

தோழரின் துணை மருத்துவத்துக்கு மாற்றாகிவிடவும் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 103-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிறுவனம் அமைக்கப் பணிக்கிறது. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதி, அவருக்குப் பராமரிப்பு அளிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. மனச்சிதைவுக்கும் தீவிர மனச்சோர்வுக்கும் மருந்தும் மருத்துவரும் வேண்டும். சக கைதி தரக்கூடியது, அந்த உதவி வந்துசேரும்வரை ஒருவர் தனியாக விடப்படவில்லை என்ற உறுதி. அதைக் கொடுப்பவரைக் காவலின் நீட்சியாக்காமல் காப்பதே சிறை நிர்வாகம் செய்ய வேண்டியது.