பின்வாசல் வழியாக வந்த பொருள்

2014-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகரத்தின் குட்வில் கடையில் ஒரு தம்பதி பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை வாங்கினார்கள். எடை போட்டு விற்கும் கடை அது. தராசு காட்டிய கணக்குப்படி விலை 58 சென்ட். பிறகு ஒருநாள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியைப் பற்றிய ஆவணப்படத்தில் அதே மாதிரி ஸ்வெட்டரைப் பார்த்தவர்கள், வீட்டிலிருந்ததை எடுத்துப் புரட்டினார்கள். உள்ளே லொம்பார்டியின் பெயர் தைத்திருந்தது. 2015-இல் அது ஏலத்தில் 43,020 டாலருக்குப் போனது.

ஜப்பானின் ஹார்ட் ஆஃப் கடையில் இப்படியொன்று நடப்பது அபூர்வம். அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கும் பழைய கேமராவின் விலைச்சீட்டில் தயாரித்தவர் பெயர், மாடல் எண், என்ன வேலை செய்கிறது, என்ன வேலை செய்யவில்லை, லென்ஸில் பூஞ்சை உண்டா, சார்ஜர் இருக்கிறதா எல்லாம் எழுதியிருக்கும். வாங்குகிறவர் கண்டுபிடிக்க மிச்சமாக எதையும் வைக்காத கடை.

இரண்டும் பழைய பொருள் விற்கும் கடைகள்தான். ஆனால் ஒன்றில் நுழைகிறவர் வேட்டைக்காரர், மற்றதில் நுழைகிறவர் வாடிக்கையாளர். இந்த வித்தியாசத்துக்கு அமெரிக்கர் குணம், ஜப்பானியர் குணம் என்று காரணம் சொல்வது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடையின் பின்வாசலில் பொருள் எப்படி உள்ளே வந்தது என்று பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

குட்வில்லுக்கு எல்லாம் சும்மா வருகிறது. எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் 1902-இல் பாஸ்டனில் தொடங்கியபோதே வழிமுறை இதுதான்: வசதியானவர்கள் வீடுகளில் பழைய சாமான்களைச் சேகரிப்பது, வேலையில்லாத ஏழைகளைக் கொண்டு அவற்றைப் பழுதுபார்ப்பது, விற்ற காசில் அவர்களுக்குக் கூலி கொடுப்பது. இன்று 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். தனித்தனி நிர்வாகமுள்ள 150-க்கும் மேற்பட்ட வட்டார அமைப்புகள் அவற்றை நடத்துகின்றன. ஒரு ஊரில் நான்கு டாலருக்கு விற்கும் சட்டை அடுத்த ஊரில் எட்டு டாலர் ஆவது அதனால்தான்.

பொருள் கொடுக்க வருகிறவர் காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறார், பைகளை இறக்குகிறார், போகிறார். யார், எவர் என்று கேட்பதில்லை. வருமான வரிக் கணக்கில் காட்ட ஒரு ரசீது கேட்டால் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த ரசீதில் பொருளின் மதிப்பைக் கடை எழுதாது. கொடுத்தவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். கொடுத்தவருக்கும் மதிப்பு நிச்சயமில்லை, வாங்கிக்கொண்ட கடைக்கும் நிச்சயமில்லை. பிரித்து அடுக்கும் மேசையில் நிற்கும் ஊழியருக்கு ஒரு பொருளைப் பார்க்கக் கிடைப்பது சில நொடி. அந்த நொடியில் அவர் ஒட்டும் சீட்டுதான் விலை.

2018-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரக் குட்வில்லில் ஒரு மேசைக்கடியில் கிடந்த பளிங்குத் தலைச்சிலையின் கன்னத்தில் அப்படித்தான் 34.99 டாலர் என்ற சீட்டு ஒட்டியிருந்தது. அது சுமார் 2,000 ஆண்டு பழமையான ரோமானியச் சிற்பம். ஜெர்மனியின் அஷாஃபென்புர்க் நகரில், பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் கட்டிய மாளிகையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த மாளிகை குண்டுவீச்சில் சிதைந்தது. சிலை எப்படியோ அமெரிக்கா வந்து சேர்ந்தது. வாங்கிய பெண்மணி பழம்பொருள் வியாபாரம் தெரிந்தவர், விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்தார். ஆனால் சொத்து பவேரிய அரசுடையது. விற்கவும் முடியாது, மனசாட்சியோடு வைத்துக்கொள்ளவும் முடியாது. சான் அன்டோனியோ அருங்காட்சியகத்தில் சில காலம் பார்வைக்கு வைத்திருந்துவிட்டு 2023-இல் திருப்பி அனுப்பினார்கள்.

வாங்குகிறவர்களின் அனுபவத்தில் பாதி இந்த அறியாமையிலிருந்து பிறக்கிறது. குட்வில்லில் சட்டைகளை நிறவாரியாகவும் அளவுவாரியாகவும் தொங்கவிட்டிருப்பார்கள். ஆனாலும் பட்டியல் வைத்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். ஹேங்கர்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும், தையலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அக்குளை முகர்ந்து பார்க்க வேண்டும். கோவிட்டுக்குப் பிறகு பல கடைகளில் உடை மாற்றிப் பார்க்கும் அறையே இல்லாமல் போனதால், போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே போட்டுப் பார்க்கிறவர்களைக் காணலாம். விலைச்சீட்டின் நிறம் வேறு ஒரு கணக்கு. வாரத்துக்கு ஒரு நிறத்துக்குப் பாதி விலை. பிடித்த கோட்டின் சீட்டு இந்த வார நிறமில்லையென்றால், அடுத்த வாரம்வரை விட்டுவைக்கலாமா, அதற்குள் யாராவது கொண்டுபோய்விடுவார்களா என்ற சின்ன சூதாட்டம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலருடைய முதல் குக்கரும் மேசைவிளக்கும் குளிர்கோட்டும் இங்கிருந்துதான் வருகின்றன. ஊரில் பழைய புடவையைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கிய வீடுகள்தான் அவர்களுடையவை. பழையதைக் கழிப்பது அங்கே வழக்கம், முகம் தெரியாதவர் உடுத்தியதை வாங்கி உடுத்துவது வழக்கமில்லை. டிசம்பர் குளிர் இந்தக் கூச்சத்தை ஒரு வாரத்தில் தீர்த்துவைக்கும்.

கடைகளில் விற்காதவை எடைக்கடைக்குப் போகின்றன. ஸ்வெட்டர் கிடைத்தது இத்தகைய இடத்தில்தான். ஹேங்கர் இல்லை, அலமாரி இல்லை. சக்கரம் வைத்த நீளத் தொட்டிகளில் துணி, பொம்மை, செருப்பு, உடைந்த சட்டகம் எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். வழக்கமாக வருகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு வருவார்கள், கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து. புதுத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு வரும்போது எல்லாரும் விலகி நிற்க வேண்டும், ஊழியர் சைகை காட்டும்வரை யாரும் தொடக்கூடாது. சைகை விழுந்ததும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போகும். தண்ணீர் லாரி வந்து நின்றதும் குடத்தோடு பாயும் தெருதான் அது, என்ன, இங்கே யாருக்கும் தாகமில்லை.

இனி ஜப்பான். பெயரில் ‘ஆஃப்’ என்று முடியும் கடைகளில் முதலாவது, பழைய புத்தகம் விற்கும் புக் ஆஃப். சாகாமோட்டோ தகாஷி என்பவர் 1990-இல் கனகாவா மாகாணத்தின் சாகமிஹாராவில் தொடங்கினார். நீகாத்தா மாகாணத்தில் ஒலிக்கருவிகள் விற்றுவந்த நிறுவனம் ஒன்று 1993-இல் அதே பாணியில் ஹார்ட் ஆஃபைத் திறந்தது. இது மின்சாதனங்களுக்கு. துணிமணி, வீட்டுச் சாமான், பொம்மை, மது என்று பின்னர் தனித்தனி ஆஃப்கள் முளைத்தன. இவை தருமக் கடைகள் இல்லை, லாபத்துக்கு நடக்கும் கம்பெனிகள். பொருளைக் காசு கொடுத்து வாங்குகின்றன.

காசு கொடுத்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. கொடுக்க வந்தவர் இங்கே விற்க வந்தவர். மூட்டையைக் கவுன்டரில் வைத்துவிட்டு எண்சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார். உள்ளே பிளக்கைச் செருகிப் பார்க்கிறார்கள், பொத்தான்களை அழுத்துகிறார்கள், கீறல்களை எண்ணுகிறார்கள். எண்ணைக் கூப்பிடும்போது உண்மை தெரியும். இளம் வயதில் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய டேப் டெக்குக்குச் சில நூறு யென், உயிராகச் சேர்த்த மங்கா வரிசைக்கு ஒரு புத்தகத்துக்குப் பத்து யென். சிலவற்றுக்கு விலையே போட முடியாது என்று பணிவாகச் சொல்வார்கள், வேண்டுமானால் நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம் என்பார்கள். குட்வில்லின் பின்வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர் தருமம் செய்த திருப்தியோடு போகிறார், தன் பொருளுக்குச் சந்தை என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்பதை அறியாமலே. ஜப்பானியருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டில் எது கருணை மிகுந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

சட்டமும் கவுன்டரில் நிற்கிறது. பழம்பொருள் வியாபாரத்துக்கென்று 1949-இல் வந்த சட்டப்படி, விற்க வருகிறவர் யார் என்பதைக் கடை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். 10,000 யென்னுக்குக் குறைந்தவற்றுக்குப் பொதுவாக விலக்கு உண்டு, ஆனால் புத்தகம், இசைத்தட்டு, வீடியோ கேம் போன்றவற்றுக்கு அந்த விலக்கும் கிடையாது. திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதாவது, பளிங்குத் தலையை ஒருவர் இங்கே கொண்டுவந்திருந்தால் முதல் கேள்வி அவருடைய அடையாள அட்டையைப் பற்றியதாக இருந்திருக்கும்.

இத்தனை சோதனைக்கும் பிறகு அலமாரிக்கு வரும் பொருளை வாங்குகிறவருக்குக் கிடைப்பது நிம்மதி. சொன்னது சொன்னபடி இருக்கும். சோதித்த சாதனங்களுக்குக் குறிப்பிட்ட காலம் உத்தரவாதமும் உண்டு. நாற்றம் இல்லை, தூசி இல்லை. கொஞ்சம் சலிப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சலிப்பைப் போக்கத்தானோ என்னவோ, ஹார்ட் ஆஃபின் ஒரு மூலையில் ‘ஜங்க்’ பகுதி இருக்கிறது. சோதிக்காதவை, சோதித்துத் தோற்றவை, பாதி மட்டும் வந்தவை எல்லாம் நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளில் குவிந்திருக்கும். உத்தரவாதம் கிடையாது, திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடை தன் பொறுப்பைக் கைகழுவிய அந்த ஓரத்தில்தான் கூட்டம் அதிக நேரம் நிற்கிறது. பெட்டிக்குள் கைவிட்டு வயர்ச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருப்பவருக்கும் ஆஷ்வில் தொட்டியில் கைவிட்டவருக்கும் வேறுபாடு அதிகமில்லை. இவருக்குப் பக்கத்திலேயே பிளக் செருகிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அவ்வளவுதான்.

புக் ஆஃபின் கதை இன்னும் சுவையானது. அங்கே அறியாமை திட்டமிட்டே வைக்கப்பட்டது. டோக்கியோவின் ஜிம்போச்சோவில் இருக்கும் பழைய புத்தகக் கடைக்காரர் ஆயுள் முழுக்கப் படித்துத் தேறியவர், எந்தப் பதிப்பு அரியது என்று அவருக்குத் தெரியும். சாகாமோட்டோ அந்தப் படிப்பே வேண்டாம் என்று முடிவு செய்தார். புத்தகம் புதிதாக, சுத்தமாக இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. போட்ட விலையில் பத்தில் ஒரு பங்குக்கு வாங்கு, ஓரங்களை இயந்திரத்தில் தேய்த்து வெள்ளையாக்கு, பாதி விலைக்கு விற்பனைக்கு வை. சில மாதம் கிடந்தால் 100 யென் அலமாரிக்குத் தள்ளு. பகுதிநேர வேலைக்கு வரும் மாணவன்கூட முதல் நாளே செய்யக்கூடிய வேலை. விளைவு, அருமையான புத்தகங்கள் அட்டை பழுத்திருந்த ஒரே குற்றத்துக்காக 100 யென் வரிசையில் போய் உட்கார்ந்தன. அவற்றைப் பொறுக்கி வேறிடத்தில் விற்றுப் பிழைக்கும் ஒரு கூட்டமே உருவானது. நின்றபடியே மங்காவை முழுசாகப் படித்து முடிக்கும் பையன்களுக்கு நடுவே அவர்கள் வரிசை வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஆக, காசு கொடுத்து வாங்கிய கடை என்பதால் மட்டும் அதிர்ஷ்டத்துக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை. கடை தெரிந்துகொள்ள மெனக்கெட்டதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டு நாட்டிலும் கடைகள் மெனக்கெட ஆரம்பித்துவிட்டன. ஆரஞ்சு கவுன்டியின் குட்வில் 1999-இலேயே இணைய ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கியது. நகை, கேமரா, பிராண்டட் கைப்பை எல்லாம் பிரிக்கும் மேசையிலிருந்து நேராக அங்கே போகின்றன. புக் ஆஃபில் பார்கோடைத் தட்டினால் சந்தை விலை திரையில் வருகிறது. வேட்டைக்காரர்களும் சும்மா இல்லை, கைப்பேசியால் முதுகட்டைகளைப் படமெடுத்து விலை பார்த்தபடி நடக்கிறார்கள்.

குட்வில் வாடிக்கையாளர்களின் பெரிய புகார் இதிலிருந்துதான் வருகிறது. நல்லதெல்லாம் கடைக்கு வருமுன்பே போய்விடுகிறது, மிச்சத்துக்கும் விலையை ஏற்றிவிட்டார்கள், சும்மா கிடைத்ததற்கு இவ்வளவா என்கிறார்கள். புதுக் கடையில் ஐந்து டாலருக்குக் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்கு இங்கே ஆறு டாலர் போட்டிருந்தால் எரிச்சல் வராமல் இருக்காது. ஆனாலும் வாதத்தில் பாதிதான் நியாயம். பொருள் சும்மா வந்தாலும் பிரிப்பதும் அடுக்குவதும் கழித்ததை அப்புறப்படுத்துவதும் சும்மா நடப்பதில்லை, வரும் பணம் வேலைப் பயிற்சிக்கும் போக வேண்டியிருக்கிறது. மீதிப் பாதி நியாயம் எங்கே இருக்கிறதென்றால், இந்தக் கடைகளை நம்பித்தான் குறைந்த வருமானக்காரர்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உடுப்பு எடுக்கிறார்கள். வேட்டை அவர்களுக்குப் பொழுதுபோக்கில்லை. ஜப்பானில் இதே புகாரை நான் இதே சூட்டோடு கேள்விப்பட்டதில்லை. கடை காசு போட்டு வாங்கியது என்று தெரிந்தால் லாபத்தின் மேல் அவ்வளவு கோபம் வருவதில்லை போலிருக்கிறது.

விற்காமல் தங்கியவை கடல் தாண்டுகின்றன. குட்வில்லின் எடைக்கடையிலும் மீந்த துணி, பொதியாகக் கட்டப்பட்டு மொத்த வியாபாரிகள் கைக்குப் போய் அங்கிருந்து வேறு நாடுகளுக்குப் போகிறது. புக் ஆஃப் வேறு வழி கண்டது. 2016-இல் மலேசியாவில் ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ என்ற பெயரில் தானே கடை திறந்தது. ஜப்பானில் யாரும் எடுக்காத தட்டுகளும் பொம்மைகளும் சட்டைகளும் கன்டெய்னரில் வந்து இறங்குகின்றன. சிலாங்கூரின் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் கூடையோடு வந்து அவற்றைக் கிளறுகின்றன. இந்தப் பொருள்கள் தங்கள் ஊரில் போகாது என்பது மட்டும்தான் அனுப்பிய கடைக்கு நிச்சயமாகத் தெரியும். கிளறுகிறவர்களில் யாருக்கு எது பிடிக்கும் என்பது அதற்குத் தெரியாது.