எம்.வை.பி. 3047: ஒரு மோட்டார் சைக்கிளின் பூர்வீகம்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலி கங்கையின் கிளையொன்று கடலை நாடும் இடத்தே அமைந்தது வெருகல். அங்குள்ள சித்திரவேலாயுத சுவாமி கோவிலில் பழைய கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டு பொறிக்கப்படாத கல்வெட்டு எதுவாயினும், ஆராய்ச்சியாளர் அதன் எழுத்து வடிவத்தைக் கொண்டே காலத்தை மதிப்பிடுவர். இயந்திரங்களுக்கும் இத்தகைய எழுத்து உண்டு. அதனைப் படிக்கக் கற்றவருக்கு ஒரு வால்வு மூடியும் ஒரு சுருள் வில்லும் சாசனமாகும்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆந் திகதி வெளியான ‘ஷோலே’ என்னும் இந்திப் படத்தில், தோழர் இருவர் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் பாடிச் செல்வர். பாடிய குரல்கள் கிஷோர் குமாருடையவையும் மன்னா டேயுடையவையும், இசை ஆர். டி. பர்மன். பாட்டின் நடுவே சைட்கார் கழன்று தனி வழியே சென்று, பின் மீண்டும் வந்து சேர்ந்துகொள்ளும். பாட்டை வானொலியிற் கேட்டவர் பலர்; அதில் ஓடிய வண்டி யாதென வினவியவர் சிலரே.

அதனைப் ‘புல்லட்’ என்று சொல்லிவிடுவாரும் உளர். பருத்த மோட்டார் சைக்கிள் எதுவாயினும் அதற்குப் புல்லட் என்று பெயரிடும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் புகழ் அத்தகையது! ஆயினும் அப்பெயர் இவ்வண்டிக்குப் பொருந்தாது. திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் முன்சக்கரத்தை இரு குழாய்கள் தாங்கும். அவை ஒன்றினுள் ஒன்று நுழைந்து அதிர்ச்சியை ஏற்கும். பின்சக்கரத்துக்கும் வில் உண்டு. படத்து வண்டியின் முன்புறத்திலோ, இரும்புச் சட்டங்களாலான கவட்டையும் அதன் நடுவே தடித்த சுருள் வில்லும் இருக்கின்றன. பின்சக்கரம் வில் ஏதுமின்றிச் சட்டத்துடன் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. இது வேறொரு தலைமுறையின் வண்டி.

இங்கே சைட்கார் ஒரு நன்மை செய்தது. அது இடப்புறத்தே பூட்டப்படுவதால் எஞ்சினின் வலப்புறம் மறைப்பின்றி நிற்கிறது. அடையாளத்தின் பெரும்பகுதி அந்தப் பக்கத்திலேதான். புல்லட்டுக்கு வால்வுகள் சிலிண்டரின் தலைமேல் அமைந்தவை. இவ்வண்டிக்கோ அவை சிலிண்டரின் பக்கத்தே நிற்பன. தலை தட்டையாக அமர்ந்திருக்கும். ஐந்நூறு கன சென்ரிமீற்றர் அளவில் இவ்வாறமைந்த பிரித்தானியப் போர்க்கால வண்டிகளுள் முதன்மையானவை இரண்டு: நோர்ட்டன் 16எச், பி.எஸ்.ஏ. எம்20. நோர்ட்டனில் மின்பொறி தரும் மக்னெற்றோவைச் சங்கிலி ஒன்று இயக்கும்; அச்சங்கிலியை மூடும் நீண்ட உறை எஞ்சினிலிருந்து பின்னோக்கிச் செல்லும். பி.எஸ்.ஏ.யில் பற்சக்கரங்களே அவ்வேலையைச் செய்வதால் அந்நீண்ட உறை இல்லை. ஆகவே படத்து வண்டி பர்மிங்காம் நகரத்துப் பி.எஸ்.ஏ. ஆகும். துப்பாக்கி செய்வதற்கென 1861இல் தோன்றிய அந்நிறுவனத்தின் சின்னம், கூம்பாகச் சாத்திய மூன்று துப்பாக்கிகள்.

இத்துடன் ஐயம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. எம்20க்கு எம்21 என்றொரு தமையன் உண்டு. முன்னதன் கொள்ளளவு 496 கன சென்ரிமீற்றர், பின்னது 591. புறத்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. திரையைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முயல்வது வீண் வேலை. எஞ்சினிற் பொறித்த குறியே தீர்ப்பளிக்கும். அதில் ‘டபிள்யூ.எம்.20’ என்றிருப்பின், முதலெழுத்து அவ்வண்டி பிரித்தானிய யுத்த இலாகாவுக்காக ஆக்கப்பட்டது என்பதைக் காட்டும். ஷோலே வண்டி இவ்வகையினதே. 1942ஆம் ஆண்டுத் தயாரிப்பு.

இலக்கத் தகடு வேறொரு செய்தியைத் தருகிறது. எம்.வை.பி. 3047 என்பதன் முதலிரு எழுத்துக்கள் மைசூரைக் குறிப்பவை. கதை நிகழும் ஊர் கற்பனையூராகிய ராம்கர். படம்பிடித்த இடமோ பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள ராமநகரம். கதாசிரியர் மறைத்ததைத் தகடு சொல்லிவிட்டது. படப்பிடிப்பு 1973 அக்டோபரில் தொடங்கியது. மறுமாதம் முதலாந் திகதி மைசூர் இராச்சியம் கருநாடகம் எனப் பெயர் மாறிற்று. எனினும் தகட்டைக் கொண்டு வண்டியின் பிறந்த ஆண்டைக் கணித்தல் தவறு. படையிலிருந்தபோது இத்தகைய வண்டிகள் வேறு இலக்கம் தாங்கின. பொதுமக்கள் கைக்கு வந்தபின்னரே சிவில் இலக்கம் பெற்றன.

1942 என்னும் ஆண்டு கீழைக் கரையோரத்தார் எளிதில் மறக்கக்கூடியதன்று. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று. மலாயா பறிபோனதால் நேச நாடுகளுக்கு இறப்பர் அருமையாயிற்று. தமிழ்த் தொழிலாளர் பால்வெட்டிய மலாயாத் தோட்டங்கள் எதிரியின் வசமாக, எஞ்சிய பெரும் ஊற்றாக இலங்கைத் தோட்டங்களே நின்றன.

அத்தட்டுப்பாடு பர்மிங்காம் வரை எட்டியது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து வந்த எம்20களில் கைப்பிடிக்கு இறப்பருக்குப் பதிலாகக் கான்வஸ் சுற்றினர். கால் வைக்கும் மிதியை வெறும் உலோகமாக விட்டனர். போரின்போது ஆக்கப்பட்ட ஏறத்தாழ 1,26,000 எம்20களுள், ஆண்டை உணர்த்தும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆனால் போர் முடிந்தபின் வண்டியை வாங்கியவர் முதலில் மாற்றக்கூடியதும் கைப்பிடிதான். கான்வஸ் காணப்பட்டால் அது சான்று. இறப்பர் காணப்பட்டால் அது எதையும் மறுப்பதாகாது.

வெருகல் ஆற்றைப் பாதையில் வண்டியை ஏற்றிக் கடந்த காலம் 2011இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. எம்.வை.பி. 3047 இன்னும் இருக்கிறது. படத்தின் ஐம்பதாம் ஆண்டாகிய 2025இல், கோவாவில் நடந்த இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது.