படை திரும்பி வந்தபோது

1986. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்கு ஓர் ஆராய்ச்சி வேலை கொடுத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘எய்ட்ஸா? அது அமெரிக்காக்காரன் வியாதியாச்சே!’ என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம். ரத்த மாதிரிகளோடு நிர்மலா வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலேறினார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவின் எய்ட்ஸ் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தாம்பரம் சானடோரியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் நோயாளிகள் வந்து குவிந்ததும் அங்கேதான். காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி. உடம்பின் காவல் படையை அழித்துவிடும். காவல் இல்லாத வீட்டில், நம் நாட்டில் முதலில் நுழைகிற திருடன் காசநோய்தான்.

வெளிநாட்டில் மருந்து வந்துவிட்டது. விலை? வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல்! 2001-ல் நம்ம ஊர் சிப்லா கம்பெனி, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு 350 டாலருக்கே தருகிறேன் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

அப்பாடா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் சிலருக்குக் கடும் காய்ச்சல். மண்டையைப் பிளக்கும் தலைவலி. நினைவு தடுமாற்றம். ரத்தத்தைப் பார்த்தால் கிருமி குறைந்திருக்கிறது, எதிர்ப்புசக்தி ஏறியிருக்கிறது. ஆனால் ஆள் சாகக் கிடக்கிறார்! உலகமெங்கும் டாக்டர்கள் குழம்பினார்கள்.

மருந்து விஷமா? இல்லை. மூளை உறையில் காசநோயோ, கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சையோ முன்பே பதுங்கியிருக்கும். விரட்டப் படை இல்லாததால் சத்தமும் இல்லை. மாத்திரையால் படை திரும்பி வந்ததும் கண்மண் தெரியாமல் அடிக்கிறது. அந்தச் சண்டையில் மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் ‘ஐரிஸ்’.

சாமளாபுரம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாதக்கணக்கில் நின்ற தறியை எடுத்த எடுப்பில் ஓட்டுவார்களா? எண்ணெய் விட்டு, பாவைப் பார்த்து, பிறகுதானே சுவிட்ச்!

அந்தப் பொறுமைதான் இங்கேயும் உயிர் காத்தது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பூஞ்சைத் தொற்று இருந்த 177 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. ஓரிரு வாரத்திலேயே எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 45 சதவிகிதம். முதலில் பூஞ்சைக்கு வைத்தியம் பார்த்து, சுமார் ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30.

அடுத்த கேள்வி, வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கலாமா? கேப்டவுனில் காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த 240 பேரிடம் பிரட்னிசோன் என்ற மலிவான மாத்திரையை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் காசநோய் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. 2018-ல் வந்த முடிவுப்படி, ஐரிஸ் சுமார் 47 சதவிகிதத்திலிருந்து 33-ஆகக் குறைந்தது. ஆனால் மூளையில் பூஞ்சை இருந்தவர்களுக்கு இன்னொரு ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் கெடுதலே செய்தது. அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஒருவருக்குக் கவசம், இன்னொருவருக்குக் கத்தி! அதனால் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற சமாசாரம் இல்லை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளையில் தொற்று இருப்பவர்களுக்குத்தான் இந்தக் காத்திருப்பு. மற்றவர்கள் எவ்வளவு சீக்கிரம் மாத்திரை தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது மாத்திரை ஆரம்பித்துத் தலைவலி, காய்ச்சல் என்று சுருண்டால், “மாத்திரைதான் ஒத்துக்கலை, நிறுத்திடு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்த படையை மறுபடியும் விரட்டிவிடக் கூடாது.