லாரி அச்சுப் பாரத் திருத்தம் (இந்தியா, 2018)

சரக்கு லாரிகளின் சட்டப்படியான எடை வரம்பை இந்திய அரசு 2018 ஜூலையில் உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின்னச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன்னானது. இரண்டச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கும், பெரிய டிரெய்லர்களின் எடை 49 டன்னிலிருந்து 55 டன்னுக்கும் ஏறியது.

ஒரே நடையில் கூடுதல் சரக்கு போவதால் டன்னுக்கான டீசல் செலவு குறைந்தது. இருக்கும் லாரிகளே போதும் என்றானதில் புதிய லாரிகளுக்கான தேவை சரிந்தது. 2019-இல் வணிக வாகன விற்பனை வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சாலைக்கு நேர்வதுதான் கவலைக்குரியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958–60-இல் நடந்த சாலைச் சோதனையின்படி, தளத்தின் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் பெருகும். அந்தக் கணக்கில், 13 விழுக்காடு கூடிய அச்சுப் பாரம் சுமார் 60 விழுக்காடு கூடுதல் தேய்மானத்தைத் தரும். இந்தச் செலவு லாரி வாடகையில் சேர்வதில்லை. பொதுமக்கள் தலையில் விழுகிறது. பாரத்தைக் கூடுதல் அச்சுகளில் பரப்பினால் சேதம் குறையும் என்பதால், மொத்த எடையைவிட அச்சு வரம்பே முக்கியமானது. பழைய பாலங்களுக்கோ மொத்த எடையும் அச்சுகளின் இடைவெளியும் சேர்ந்தே பொருட்டு.

வரம்பை மீறினால், 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.