கொஸ்லந்த வீதியும் அவசரகாலச் சட்டமும்

இலங்கையில் ஒருபோதும் இராணுவ ஆட்சி நடைபெற்றதில்லை என்று நம்மவர்கள் பெருமையுடன் சொல்வதுண்டு. பாகிஸ்தானில் தளபதிகள் ஆண்டார்கள், பர்மாவில் ஆண்டார்கள், நம் நாட்டிலோ 1931 முதல் வாக்குப்பெட்டியே ஆட்சியைத் தீர்மானித்து வந்திருக்கிறது என்பார்கள். 1962 இல் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் தீட்டிய சதியும் தொடங்கும் முன்பே முறியடிக்கப்பட்டது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாள்தொட்டு இந்தக் கூற்றைக் கேட்டு வருகிறேன். அது பொய்யன்று. ஆனால் ஊவாவில் பிறந்து வளர்ந்த ஒருவனால் அதை முழு உண்மையாகவும் ஏற்றுக்கொள்ள இயலாது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை எனப் பதுளை நோக்கி ஏறுகிறது. மற்றது கொஸ்லந்த வழியாகத் தேயிலை மலைகளைத் தாண்டி, தியலும நீர்வீழ்ச்சியின் அடிவாரத்தைத் தொட்டு, வெல்லவாய சமவெளிக்கு இறங்குகிறது. எங்கள் தோட்டத்து மக்கள் கதிர்காம யாத்திரை போனதும் இந்த வழியாகத்தான். இந்த இரண்டு கிளைகளிலும் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், தளபதி எவரும் அரியணை ஏறாமலே ஒரு நாடு இராணுவ ஆட்சியின் பலாபலன்களை அனுபவிக்க முடியும் என்பது விளங்கும்.

ஊவாவுக்கு இராணுவச் சட்டம் புதியதன்று. 1817-18 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் இங்கே அதனைப் பிரகடனம் செய்து, ஊர்களையும் வயல்களையும் எரித்து, கெப்பெட்டிபொல திசாவையைச் சிரச்சேதம் செய்து அடக்கினார்கள். அது அந்நியன் செய்தது. நான் சொல்ல வருவது நம்மவர்கள் செய்தது.

அதன் வேர் 1947 இல் இருக்கிறது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் கொழும்பில் பெரும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 5 ஆம் திகதி ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் உயிரிழந்தார். அதே மாதத்தில் அவசர அவசரமாக நிறைவேற்றப்பட்டதுதான் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சுதந்திரம் கிடைப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், தொழிலாளியை அடக்குவதற்கென்று செய்த ஆயுதம் அது. பின்னர் வந்த எல்லா அவசரகால விதிகளும் அந்தச் சட்டத்தின் பிள்ளைகளே.

1971 மார்ச் மாதத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஏப்ரல் 5 ஆம் திகதி அதிகாலையில் ஜே.வி.பி. இளைஞர்கள் வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத் தாக்கினார்கள். நாடெங்கும் அன்றிரவு தொடங்கவிருந்த கிளர்ச்சி இங்கே மட்டும் முந்திக்கொண்டது. அரசாங்கம் விழித்துக்கொண்டதும் அதனால்தான். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஊரடங்கு என்ற சொல்லை அந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். லயத்தில் பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். மலைப்பாதையில் வாகனச் சத்தம் கேட்டால் அப்பா எங்களைப் பேசாதிருக்கச் சொல்வார். அந்தக் கிளர்ச்சியுடன் எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஜே.வி.பி. தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகவே அது கண்டது. ஆனாலும் பயம் எங்களுக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

வெல்லவாயவுக்கு அப்பால், கதிர்காமத்தில், பிரேமவதி மனம்பேரி என்ற இளம் சிங்களப் பெண்ணை இராணுவத்தினர் கைதுசெய்து, வதைத்து, வீதியில் நடத்திச் சென்று சுட்டுக் கொன்றார்கள். இரு இராணுவத்தினருக்கு நீதிமன்றம் 16 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. எண்ணற்ற மரணங்களுள் தண்டனை வரை சென்ற மிகச் சிலவற்றில் அது ஒன்று.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று முரணைச் சுட்டாமல் போக முடியவில்லை. 1940 இல் என்.எம்.பெரேராவும் கொல்வின் ஆர்.டி சில்வாவும் யுத்தகால விதிகளின் கீழ் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள். பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபை அமைத்துத் துரையுடன் சரிக்குச் சரி பேசியதற்குப் பின்னால் நின்றது அவர்களுடைய சமசமாஜக் கட்சிதான். 1971 இல் அவ்விருவரும் அமைச்சர்கள். அவர்கள் அங்கம் வகித்த அரசாங்கமே அவசரகால நிலையை 1977 வரை நீட்டித்தது. 1972 இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டத்தைக் கொண்டுவந்து, பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கவும் வழி செய்தது.

1977 இல் வந்த புதிய அரசாங்கம் அந்த ஆணைக்குழுச் சட்டத்தை நீக்கியது. மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளிக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும் என்ற அதே ஏற்பாடு திரும்பி வந்தது. அமைச்சரின் கையொப்பத்தால் மட்டுமே ஒருவரை 18 மாதங்கள் தடுத்து வைக்கலாம் என்பதும் சேர்ந்துகொண்டது. முன்னது சிங்கள இளைஞனுக்காகத் தைத்த சட்டை. பின்னதைத் தமிழ் இளைஞனுக்கு அணிவித்தார்கள். துணி ஒன்றுதான்.

1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. ‘ஆம்’ என்பவர்களுக்கு விளக்கு, ‘இல்லை’ என்பவர்களுக்குக் குடம். விளக்கு வென்றது. பாராளுமன்றம் தன் ஆயுளைத் தேர்தலின்றி ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. அதுவும் அவசரகால நிலையின் கீழ் நடந்ததே. 1983 ஜூன் மாதத்தில் வந்த 15 ஏ என்னும் விதி, மரண விசாரணையின்றிச் சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புப் படையினருக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த மாதம் பதுளை நகரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1987 க்கும் 1989 க்கும் இடையில் மீண்டும் சிங்கள இளைஞர்களின் முறை. ஒருபுறம் ஜே.வி.பி.யின் கொலைகள், மறுபுறம் அரசபடைகளின் பழிவாங்கல். காணாமற்போனோரை விசாரிக்கப் பின்னர் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்களுள் ஒன்றின் எல்லைக்குள் ஊவா மாகாணமும் இருந்தது.

இனி, பெரகலயில் பிரியும் மற்றக் கிளைக்கு வருகிறேன். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. அங்கே தமிழ் இளைஞர்கள் 41 பேர். பதின்ம வயதினரும் அவர்களுள் இருந்தனர். எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்கவில்லை. 2000 அக்டோபர் 10 ஆம் திகதி நாடு பொதுத்தேர்தலில் வாக்களித்தது. சரியாக 15 நாட்கள் கழித்து, 25 ஆம் திகதி காலையில், பெருங்கும்பலொன்று முகாமுக்குள் புகுந்து குறைந்தது 27 பேரை வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. ஆயுதமேந்திய பொலிஸார் சுமார் 60 பேர் அங்கே நின்றிருந்தார்கள். தடுக்கவில்லை.

அன்று நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். எங்கள் மலைகளின் பெயர்கள் செய்தியாக வரிக்கு வரி வந்துகொண்டிருந்தன. எண்ணிக்கையைத் திருத்தித் திருத்தி எழுதினேன். மறுநாள் ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் ஒரே கேள்விதான்: “தம்பி, பையன்களை வெளியே அனுப்பலாமா?”

2003 ஜூலையில் மேல் நீதிமன்றம் பொலிஸார் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். கடைசி நால்வரை 2005 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 27 உயிர்களுக்கு இன்று சட்டத்தின் கண்ணில் ஒரு குற்றவாளியும் இல்லை.

இவ்வளவையும் செய்தது தளபதி அல்லர். ஒவ்வொரு சட்டத்துக்கும் பாராளுமன்றத்தில் கை உயர்ந்தது. அவசரகால நிலையை நீட்டிக்கும் பிரேரணை ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் வந்து, வாக்கெடுக்கப்பட்டு, நிறைவேறியது. தொடக்கத்தில் பத்திரிகைகள் அதை முதற் பக்கத்தில் போட்டன. பிறகு ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரி. அந்த நான்கு வரியை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். பழகிப்போனது எங்கள் குற்றமும்தான்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? என் பதில் சுருக்கமானது: ஒரு கூட்டத்தாரின் வாக்கைப் பறித்தபோது மற்றவர்கள் மௌனமாயிருந்த நாளிலேயே இது தொடங்கிவிட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ்.எம்.சுப்பையா பாராளுமன்றம் சென்றார். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. 1952 இல் கொழும்பில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தியும் பயனில்லை. 1977 இல் தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் வெல்லும்வரை, மலையகத் தமிழர் தம் வாக்கால் ஒருவரைத் தேர்ந்தனுப்ப முடியவில்லை. குடியுரிமை இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவன் சோதனைச்சாவடியில் சந்தேக நபர். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்து நாடற்ற நிலையைத் தீர்க்கும்வரை, கொஸ்லந்தவிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிப்போன எத்தனையோ பையன்களின் விதி அதுவாகவே இருந்தது.

2011 ஆகஸ்டில் அவசரகால நிலை நீங்கியது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீங்கவில்லை. 2022 இல் மக்கள் கிளர்ந்தெழுந்து ஜனாதிபதியொருவரை வெளியேற்றிய அதே ஆண்டில், ஆகஸ்ட் மாதம், மாணவர் தலைவர்களை அச்சட்டத்தின் கீழேயே தடுத்து வைத்தார்கள். பெரும்பாலும் தமிழரையும் முஸ்லிம்களையும் பிடித்துவந்த சட்டம் மீண்டும் சிங்கள இளைஞரிடம் சென்றது. 1971 இல் வெல்லவாயவில் தொடங்கிய வட்டம் அப்படியே சுற்றி வந்தது.

இன்று அந்த வீதியில் செல்வோர் தியலுமவில் இறங்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். நல்லதே. ஆனால் இராணுவ ஆட்சி நம் நாட்டில் நடக்கவில்லை என்று யாரேனும் பெருமையாகச் சொன்னால், பெரகல சந்தியில் நின்று இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் மனம்பேரி. மறுபக்கம் பிந்துனுவெவ. இரண்டுக்கும் நடுவில், கேள்வி கேட்க வாக்கின்றி நின்றவர்கள் நாங்கள்.