பார்த்தீனியத்தைப் பிடுங்கினால் மட்டும் போதாது

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் ஆளில்லாத காணிகளில், கரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூக்களுமாகச் செழித்து நிற்கும் செடியைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதுதான் பார்த்தீனியம். அமெரிக்காவின் வெப்பவலயத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் எமது மண்ணுக்கு வந்ததாகப் பரவலாக நம்பப்படுகிறது. எப்படி வந்திருந்தாலும், இடம்பெயர்வால் தரிசாகக் கிடந்த காணிகள் அதற்கு வாய்ப்பாகிவிட்டன.

ஒரு செடியே 10,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடியது. முளைத்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் பூத்துவிடும். விதைகள் காற்றிலும் மழைவெள்ளத்திலும் மட்டுமல்ல, உழவு இயந்திரச் சில்லுகளிலும் டிப்பரில் ஏற்றும் மண்ணிலும் ஊர்விட்டு ஊர் போகின்றன. செடி பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தம் ஆஸ்துமாவைத் தூண்டும். மாடு தின்றால் பால் கசக்கும். அதிலிருந்து கசியும் இரசாயனங்கள் அயலில் மற்றப் பயிர்களை முளைக்கவிடாது தடுக்கின்றன. இலங்கையில் இது தடைசெய்யப்பட்ட களை.

எங்கள் ஊர் இளைஞர்களுடன் நானும் இதனை அழிக்கும் சிரமதானங்களுக்குப் போவதுண்டு. நாங்கள் கைக்கொள்ளும் முறை எளிமையானது. மழைக்குப்பின் மண் ஈரமாக இருக்கையில், பூக்க முன்னரே வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். ஒவ்வாமையும் முட்டும் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. பூத்த செடியை இழுத்துச் செல்லாமல் பையில் இட்டுக் கட்டி, ஒதுக்குப்புறத்தில் எரிக்க வேண்டும். அதனை மாட்டெருவுடன் சேர்த்தால் விதை தோட்டத்துக்கே திரும்பிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் எவரும் இறங்கக்கூடாது. எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்று பொருளல்ல. கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே செல்லுங்கள்.

பிடுங்கிய நிலத்தை வெறுமையாக விட்டால், மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கே முளைக்கும். அதனால் அந்த இடத்தில் வேறு செடிகள் நிறைய வேண்டும். பார்த்தீனியத்துடன் போட்டியிட்டு வளரக்கூடியது தகரை. வேலியோரத்தில் ஆவாரையும் பூவரசும், உள்ளே வேம்பும் வைக்கலாம். பயிரிடக்கூடிய காணியென்றால் பயிரிடுவதே சிறந்தது.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அயலவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் அனுமதி கொடுத்தாலே போதும். அடைத்துக் கிடக்கும் காணியொன்று ஊர் முழுவதற்கும் விதை அனுப்பிக்கொண்டிருக்கும்.