ஐந்து சுரங்கள், ஐந்து பெட்டிகள்

கிதார் கற்கத் தொடங்கும் எவர் கைக்கும் சில மாதங்களுக்குள் ஒரு தாள் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள், மெட்டுகளுக்குக் குறுக்குக் கோடுகள், விரல் வைக்க வேண்டிய இடங்களில் கரும்புள்ளிகள். பென்டாடானிக் எனப்படும் ஐந்து சுர வரிசையின் வரைபடம் அது. நாமும் அத்தாளிலிருந்துதான் தொடங்கினோம். மாதக்கணக்கில் அப்புள்ளிகளின் மேல் ஏறி இறங்கினோம். விரல்கள் ஓடின, இசை பிறக்கவில்லை. குறை விரல்களில் இல்லை, அந்தத் தாளின் வரலாற்றை நாம் அறியாததில்தான் இருந்தது என்று பின்னரே விளங்கிற்று.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுவோம். ஏ, சி, டி, ஈ, ஜி ஆகிய ஐந்து சுரங்களை எடுத்துக்கொண்டால், ஐந்தாம் மெட்டில் சுட்டுவிரலை நிறுத்தி, ஒவ்வொரு தந்திக்கும் இரண்டாகப் பன்னிரண்டு ஒலிகளைக் கை நகராமலேயே வாசித்துவிடலாம். இதை 'முதல் பெட்டி' என்கின்றனர். இதன் மேல்விளிம்பே இரண்டாம் பெட்டியின் கீழ்விளிம்பு. இப்படி ஐந்து பெட்டிகள் கைகோத்து, பன்னிரண்டு மெட்டுகளைக் கடந்தபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன. வரிசையில் அரைச்சுர இடைவெளி எங்குமே இல்லாததால் எந்தச் சுரமும் அடுத்ததோடு கடுமையாக மோதுவதில்லை. தொடக்கநிலை மாணவருக்கு இது பெரிய அடைக்கலம்.

தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு அந்நியமன்று. ஐந்து சுரங்களால் ஆனதைத் 'திறம்' என்று பழந்தமிழ் இசைமரபு வகுத்தது. மேற்சொன்ன அதே ஐந்து சுரங்களில் ஏ ஆதாரமாக நின்றால் சுத்த தன்யாசி; சி நின்றால் மோகனம்; டி நின்றால் மத்யமாவதி; ஈ நின்றால் இந்தோளம்; ஜி நின்றால் சுத்த சாவேரி. பண்ணுப்பெயர்த்தல் என்றும் கிரகபேதம் என்றும் நாம் வழங்கும் முறை இதுவே. ஆனால் சுரவரிசை தெரிந்துவிட்டால் மோகனம் தெரிந்துவிட்டது என்று நம்மில் எவரும் சொல்லமாட்டோம். கிதார் உலகில் அப்படிச் சொல்லும் பழக்கம் எவ்வாறு வந்தது?

அதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளுக்குப் போக வேண்டும். 1903 அளவில் டட்வைலர் என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில் காத்திருந்த இசைக்கலைஞர் டபிள்யூ. சி. ஹேண்டி, கந்தலுடுத்த கறுப்பர் ஒருவர் கத்தியைத் தந்திகளின் மேல் அழுத்தி நகர்த்தி வாசிப்பதைக் கேட்டார். தாம் கேட்டவற்றுள் மிக விசித்திரமான இசை அதுவே என்று 1941இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்தார். வழுக்கிச் செல்லும் கத்திக்கு மெட்டு ஒரு பொருட்டன்று. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட வெளியில்தான் அவ்விசை வாழ்ந்தது. இவ்விசையின் வேர்களை மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி நாடுகளின் பாடல்முறைகளில் தேடினார் ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக்.

இக்கலைஞர்கள் கற்றது செவிவழியே, ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்து. சன் ஹவுஸின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும். ஜான்சன் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றுத் திறமை பெற்றார் என்னும் கதையை உலகம் விரும்பி நம்புகிறது. தொடக்கத்தில் அவர் வாசிப்பு சகிக்க முடியாததாக இருந்தது என்றும், சில காலம் காணாமற்போய்த் திரும்பியபோது வியக்க வைத்தார் என்றும் சன் ஹவுஸ் நினைவுகூர்ந்தார். அந்த இடைவெளியில் அவர் ஹேசல்ஹர்ஸ்ட் பகுதியில் ஐக் ஜிம்மர்மன் என்னும் மூத்தவரிடம் பயின்றார்; இடையூறின்றிப் பயில இருவரும் இரவில் இடுகாட்டில் போய் அமர்ந்தனர் என்று ஜிம்மர்மனின் குடும்பத்தார் கூறினர். சாத்தான் கதையினும் இதுவே நம்மை அதிகம் கலங்க வைக்கிறது. ஓர் ஏழைக் கலைஞனின் உழைப்பை ஒப்புக்கொள்வதைவிட மாயத்தை நம்புவது உலகுக்கு எளிதாயிருந்திருக்கிறது. 1936இலும் 1937இலும் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவு செய்த அவர், 1938இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார்.

பி. பி. கிங்கின் கதை வேறு. உறவினர் புக்கா ஒயிட் தந்திகளின் மேல் உலோகத்தை வழுக்கி எழுப்பிய நாதத்தில் அவர் மயங்கினார். ஆனால் அம்முறை அவர் கைக்கு வசப்படவில்லை. அந்த நாதத்தை விரலாலேயே வரவழைக்க முயன்று, மணிக்கட்டு அதிரத் தந்தியை நடுங்கச் செய்யும் தம் முத்திரையைக் கண்டடைந்தார். ஓர் இயலாமையிலிருந்து ஒரு பாணி பிறந்தது.

1961இல் ஜான்சனின் பாடல்கள் இசைத்தட்டாக மறுபடி வெளிவந்தபோது, அவை இங்கிலாந்தின் இளைஞர்களைச் சென்றடைந்தன. எரிக் கிளாப்டன் போன்றோர் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயின்றனர். அருகில் ஆசான் இல்லை. ஆயினும் காது இருந்தது. 1966இல் ஜான் மேயாலுடன் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டுக்குப் பின் அவ்வாறு வாசிக்க விரும்பியோர் பெருகினர். அவர்களுக்காகப் பயிற்சி நூல்களும் பெருகின. பல்லாண்டுக் கேள்வியறிவு ஐந்து பெட்டிகளாகச் சுருங்கிப் பரவியது இவ்வாறுதான்.

அந்நூல்களை நாம் பழிக்கவில்லை. ஆசானற்ற கோடிப் பேருக்கு அவையே வாசல். ஆனால் அவை புள்ளியைத்தான் வரைய முடியும். முதல் பெட்டியில் முதல் தந்தியின் எட்டாம் மெட்டில் சி இருக்கிறது. பின்னணியில் ஒலிக்கும் ஏ மேஜர் கார்டிலோ அதற்கு அரைச்சுரம் உயர்ந்த சி ஷார்ப் இருக்கிறது. இலக்கணப்படி இது மோதல். ப்ளூஸ் கலைஞர் தந்தியைச் சற்றே இழுத்து, இரண்டுக்கும் நடுவே பெயரில்லாத ஓரிடத்தில் நிறுத்துகிறார். அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத அந்த ஒலியே ப்ளூஸ். அதற்கு வரைபடத்தில் புள்ளி இல்லை. வீணையில் தந்தியை இழுத்துப் பிடிக்கும் கமகத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புரியாததன்று.

ஆகவே இப்போது நாம் பயிலும் முறை மாறியிருக்கிறது. ஐந்து பெட்டிகளை விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதிலும் நான்கு சுரங்கள் போதும் என்று வைத்துக்கொண்டோம். முதலில் வாயால் பாடுகிறோம். பின் அதைத் தந்தியில் தேடுகிறோம். மூன்றாம் தந்தியின் ஏழாம் மெட்டில் உள்ள டியை இழுத்து ஈ வரை ஏற்றுகிறோம். காது ஒப்பும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. வேகம் குறைந்துவிட்டது. அண்மையில் ஒரு மாலை, பக்கத்து அறையிலிருந்தவர் வந்து எட்டிப்பார்த்து, "பாடுவது யார்?" என்று கேட்டார். நாம் பாடவில்லை, வாசித்துக்கொண்டிருந்தோம்.